எம்டன் முதல் டெட்லைன் வரை: பட்டாளத்துலருந்து வந்த வார்த்தைகள்

உங்க ஆபீஸ்ல காலைல நடக்கிற ஸ்டாண்டப் மீட்டிங்கைக் கொஞ்சம் காதுல ஓட்டிப் பாருங்க. "நேத்து ராத்திரி டிப்ளாய் பண்ணிட்டேன்." "சர்வரைப் பிங் பண்ணிப் பார்த்தேன், பதில் வரல." "வெள்ளிக்கிழமை டெட்லைன்." மூணு வாக்கியம். மூணுலயும் ஆளுக்கு ஒரு பட்டாளத்து வார்த்தை உட்கார்ந்திருக்கு.

டிப்ளாய்னா படையைப் பிரிச்சுக் களத்துல அணிவகுத்து நிறுத்துறது. பிங் என்கிறது கப்பல்ல இருக்கிற சோனார் கருவி, தண்ணிக்குள்ள நீர்மூழ்கியைத் தேடுறப்ப எழுப்புற சத்தம். 1983 டிசம்பர்ல மைக் மூஸ் என்கிற பொறியாளர் நெட்வொர்க்கைச் சோதிக்க ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினார். சத்தத்தை அனுப்பிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கிற மாதிரிதானே இதுவும்னு அதுக்கு அந்தப் பேரையே வச்சார். அவர் வேலை பார்த்த இடம் அமெரிக்க ராணுவத்தோட பாலிஸ்டிக் ஆராய்ச்சிக்கூடம்.

டெட்லைன் கதை கொஞ்சம் கனமானது. 1864, அமெரிக்க உள்நாட்டுப் போர். ஜார்ஜியா மாநிலத்துல ஆண்டர்சன்வில்னு ஒரு போர்க் கைதிகள் முகாம். பெரிய மரக்கட்டைச் சுவர், அதுக்குச் சில அடி உள்ள தள்ளி ஒரு சின்ன மரத்தடுப்பு. அந்தத் தடுப்பைத் தாண்டுற கைதியைக் காவல்காரன் கேள்வி கேட்காம சுடலாம். அந்தத் தடுப்புக்குத்தான் 'டெட் லைன்'னு பேரு. சுமார் 45,000 பேரை அடைச்சு வச்சிருந்த அந்த முகாம்ல கிட்டத்தட்ட 13,000 பேர் செத்தாங்க, பெரும்பாலும் பசியாலயும் வியாதியாலயும். அப்புறம் ஒரு அம்பது அறுபது வருஷத்துல அதே வார்த்தை பத்திரிகை ஆபீசுக்கு வந்து 'இதுக்குள்ள கட்டுரை வந்து சேரணும்'னு ஆச்சு. இப்ப நம்ம காலண்டர்ல சிவப்புப் புள்ளியா நிக்குது.

இன்னைக்குப் பேசப்போறது இதைத்தான். பட்டாளத்து வார்த்தை ஊருக்குள்ள வரும்போது, அது பார்த்த சாவையும் பயத்தையும் வாசல்லயே கழட்டி வச்சுட்டு வருது. இங்கிலீஷ்ல இதைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க. ஆனா இது நம்ம வாசல்லயும் நடந்திருக்கு, ரெண்டு திசையிலயும்.

கடலூர்ல ஒரு சந்திப்பு

நான் வேப்பூர்க்காரன். விருத்தாசலம்னா உங்களுக்கு ஒண்ணு பழமலைநாதர் கோயில் ஞாபகம் வரும், இல்லன்னா பீங்கான் பொம்மை. ஆனா 1751-ல அந்தக் கோயில் ஒரு ராணுவ நிலை. கர்நாடகப் போர்கள் நடந்த காலம். கோயில் மதில் உயரமா இருந்ததால அதையே கோட்டை மாதிரி வச்சுக் கம்பெனிப் படை காவல் போட்டிருந்துச்சு. அங்க ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோய்ச் சேர்த்துட்டுத் திரும்பின ராபர்ட் கிளைவும் ஜார்ஜ் பிகட்டும் வழியில ஒரு பாளையக்காரரோட ஆட்கள்கிட்ட மாட்டிக்கிட்டாங்க. கூட வந்த சிப்பாய்கள்ல பல பேர் செத்தாங்க. இவங்க ரெண்டு பேரும் குதிரை வேகத்துல தப்பிச்சாங்க.

இந்தக் காட்சியில எத்தனை மொழி இருக்குன்னு பாருங்க. இங்கிலீஷ்கார அதிகாரி, தமிழோ தெலுங்கோ உருதுவோ பேசுற சிப்பாய், எதிர்ல தமிழ் பேசுற பாளையக்காரர் ஆள். 1748-ல ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ்னு ஒரு மேஜர் கடலூர் பக்கத்துல செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து இறங்கினார். அவர் காலத்துலதான் உள்ளூர் ஆட்களை ஐரோப்பிய முறைல பழக்குற வேலை வேகம் பிடிச்சுது. 1758-ல சிப்பாய்களை முறையான பட்டாலியன்களாப் பிரிச்சாங்க. மதராஸ் ரெஜிமென்ட் தன்னோட பிறந்த வருஷமா இன்னைக்கும் அந்த 1758-ஐத்தான் சொல்லுது.

முகாம்னா மொழி கலக்கும். இதுக்குச் சாட்சி உருது என்கிற பேரேதான். துருக்கிய மொழில 'ஒர்து'ன்னா படை முகாம். முகாம்ல பேசின மொழிக்கு முகாமோட பேரே வந்துடுச்சு. இங்கிலீஷ்ல கும்பலைக் குறிக்கிற 'ஹோர்ட்' கூட அதே வேர்தான்.

நம்ம வாய்ல இருக்கிற ராணுவம்

முதல்ல தமிழுக்குள்ள என்ன வந்துச்சுன்னு பார்த்துடலாம்.

'பட்டாலியன்' நம்ம வாய்ல பட்டாளம் ஆச்சு. இப்ப கல்யாண வீட்ல "பொண்ணு வீட்ல ஒரு பட்டாளமே வந்திருக்கு"ன்னா யாரும் துப்பாக்கியைத் தேட மாட்டாங்க, பந்தியில இலை பத்துமான்னுதான் பார்ப்பாங்க. 'ரவுண்ட்' ரோந்து ஆச்சு. காவலுக்கு நிக்கிறது, இந்துஸ்தானி 'பஹ்ரா', நமக்குப் பாரா. படை தங்குற கூடாரம் டேரா. "மச்சான் ரெண்டு வாரமா இங்கயே டேரா போட்டுட்டான்"னு சொல்றப்ப அந்த மச்சான் ஒரு படையெடுப்பு மாதிரி வந்து இறங்கியிருக்கார்னு தெரியாமலே சொல்லிடுறோம். ட்ரில்லுக்கு 'கவாயித்', அதான் கவாத்து. இன்னைக்கு அந்த வார்த்தையைத் தோட்டக்கலைத் துறைலதான் அதிகம் கேட்பீங்க. மாமரத்தையும் ரோஜாவையும் கவாத்து பண்றாங்க.

பீரங்கி இன்னும் சுவாரஸ்யம். 'ஃபிராங்க்' என்கிற ஐரோப்பிய இனப்பேர் கிழக்கே வர வர 'ஃபிரங்கி'ன்னு ஆச்சு, ஐரோப்பியர் எல்லாருக்கும் பொதுப்பேர். அவங்களோட தொடர்புபட்ட துப்பாக்கி வண்டிக்கும் அதே பேர். ஆளோட பேரே ஆயுதத்துக்கு ஆகிடுச்சு.

அடுத்தது பதவிகள். இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இருக்கு. பட்டாளத்துப் பதவி ஊருக்குள்ள வந்தா பதவி இறக்கம் ஆகிடுது. சிப்பந்தின்னா இப்ப ஓட்டல்லயோ ஆபீஸ்லயோ வேலை செய்றவர். 18-ம் நூற்றாண்டுல 'சிபந்தி'ன்னா வரி வசூலுக்கும் கோட்டைக் காவலுக்கும் வச்சிருந்த துணைப்படை வீரன். டபேதார் குதிரைப்படைல ஒரு பதவி, காலாட்படை ஹவில்தாருக்குச் சமம். இந்திய ராணுவத்துல இன்னைக்கும் அந்தப் பதவி இருக்கு. ஆனா தமிழ்நாட்டுல டபேதார்னா கலெக்டருக்கோ நீதிபதிக்கோ முன்னாடி வெள்ளை உடுப்பு, சிவப்புப் பட்டையோட நடந்து வர்றவர். சிப்பாய் இன்னும் கீழ இறங்கி செஸ் பலகைல முதல் வரிசைல நிக்கிறான், முதல்ல வெட்டுப்படுறதும் அவன்தான்.

பாளையம் என்கிற சொல் இதுக்கெல்லாம் மூத்தது. பாளையம்னா படை இறங்கியிருக்கிற இடம். மதுரை நாயக்கர் ஆட்சில நாட்டை 72 பாளையமாப் பிரிச்சதா வரலாறு சொல்லுது. மேட்டுப்பாளையம், ராஜபாளையம், உத்தமபாளையம்னு பஸ் போர்டுல படிக்கிறப்ப நாம ஒரு ராணுவ வரைபடத்தைத்தான் படிக்கிறோம். பாளையக்காரரை வெள்ளைக்காரங்க 'போலிகர்'னு எழுதினாங்க. கோயம்புத்தூர்ல அவினாசி ரோட்டுல தண்டு மாரியம்மன் கோயில் இருக்கே, அந்தத் தண்டும் படைதான். அங்க தங்கியிருந்த படைவீரர்களுக்கு அம்மன் அருள் பண்ணின கதையைத்தான் கோயில்ல சொல்றாங்க.

புது வரவும் உண்டு. மேனேஜர் கூப்பிட்டுத் திட்டினா "லெஃப்ட் ரைட் வாங்கிட்டார்"னு சொல்றோம், பரேடு மைதானத்து வார்த்தை. ஹைவே ஓரம் "மிலிட்டரி ஹோட்டல்"னு போர்டு இருந்தா, உள்ள மட்டன் கிடைக்கும்னு அர்த்தம். ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன எங்க ஊர்க்காரனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்ல.

அவங்க வாய்க்குப் போன நம்ம வார்த்தைகள்

இப்ப எதிர்த்திசை. இங்கிலீஷ்காரச் சோல்ஜர் நம்ம ஊர்ல வருஷக்கணக்கா இருந்துட்டு வீட்டுக்கு எதைக் கொண்டுபோனான்?

இதுக்கு ஒரு அருமையான புத்தகம் இருக்கு, 'ஹாப்சன் ஜாப்சன்'. 1886-ல வந்த ஆங்கிலோ இந்தியச் சொல் அகராதி. எழுதினவங்க ரெண்டு பேர். ஒருத்தர் ஹென்றி யூல், ராணுவப் பொறியாளர். இன்னொருத்தர் ஆர்தர் கோக் பர்னெல், நம்ம தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர், அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். புத்தகம் அச்சாகி வர்றதுக்கு முன்னாடியே, 1882-ல, பர்னெல் இறந்துட்டார்.

அந்தத் தலைப்பே ஒரு பட்டாளத்துச் சொல். மொஹரம் ஊர்வலத்துல மார்ல அடிச்சுக்கிட்டு "யா ஹசன்! யா ஹுசைன்!"னு அழுது கூப்பிடுறாங்க இல்லையா, அது வெள்ளைக்காரச் சிப்பாய் காதுல "ஹாப்சன் ஜாப்சன்"னு விழுந்துச்சு. கர்பலாவுல செத்தவங்களுக்காக எழுப்புற துக்கக் குரல், புரியாத ஒருத்தன் வாய்ல ரெண்டு இங்கிலீஷ்காரக் குடும்பப் பேர் மாதிரி ஆகிடுச்சு. மொழியியல் மாணவர்கள் இப்பவும் ஒரு மொழிச் சொல் இன்னொரு மொழி வாய்க்கு ஏத்த மாதிரி வளையிறதை 'ஹாப்சன் ஜாப்சன் விதி'ன்னு படிக்கிறாங்க. சிரிப்பா இருக்கு. ஆனா அந்தச் சிரிப்புக்கு அடியில யாரோட அழுகை இருக்குன்னும் தெரிஞ்சுக்கணும்.

அந்த அகராதில தமிழும் நிறைய இருக்கு. ரெஜிமென்ட்ல தப்பு பண்ணின சோல்ஜரைத் தற்காலிகமா அடைச்சு வைக்கிற அறைக்கு 'கஞ்சி ஹவுஸ்'. உள்ள போனா என்ன சாப்பாடுன்னு பேர்லயே இருக்கு. நம்ம கஞ்சிதான். மிளகுத்தண்ணி அவங்க வாய்ல 'மல்லிகட்டானி' ஆச்சு. அதை அவங்க விருந்து சூப்பா மாத்தினது பின்னால. ஆனா பழைய பதிவு ஒண்ணு ஜெயில்லருந்து வருது. ஹைதர் அலிகிட்டக் கைதியா இருந்த ஒரு இங்கிலீஷ் கடற்படைக்காரர் எழுதின பாட்டு, 1784-ல பத்திரிகைல வந்தது. பெங்களூர்ச் சிறைல மிளகுத்தண்ணியும் கஞ்சியும்தான் சாப்பாடுன்னு அதுல புலம்புறார். இன்னைக்கு லண்டன் ரெஸ்டாரன்ட் மெனுல இருக்கிற சூப், அன்னைக்குக் கைதித் தட்டுல இருந்துச்சு. மதராஸ் மாகாணத்துல வேலை பார்த்த வெள்ளைக்காரங்களுக்கு மத்த மாகாணத்துக்காரங்க வச்ச பட்டப்பேர் 'மல்'. அந்த மல்லிகட்டானியோட முதல் பாதி.

நம்ம தோப்பும் போச்சு. 'டோப்'னு எழுதினாங்க. 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகைல, பின்னாள்ல வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி ராத்திரி இருட்டுல ஒரு தோப்புக்குள்ள நுழைஞ்சு வழி தெரியாமத் தோத்துத் திரும்பினார். அந்த இடம் வரலாற்றுப் புத்தகங்கள்ல 'சுல்தான்பேட்டை டோப்'.

இந்துஸ்தானி வழியா போனது இன்னும் அதிகம். 'குஷ்' அவங்களுக்குக் 'குஷி' ஆகி, 'குஷி ஜாப்'னா கஷ்டமில்லாத வேலை. நாம "செம குஷியா இருக்கான்"னு சொல்ற அதே குஷி. காக்கி, பாரசீகத்துல 'மண் நிறம்'. 1840-கள்ல ஹாரி லம்ஸ்டன் வடமேற்கு எல்லைல தன்னோட கைட்ஸ் படைக்கு அந்த நிறத்துல உடுப்பு கொடுத்தார். உலகத்துக்கு அது ராணுவ நிறம். நமக்குக் காக்கின்னா போலீஸ்.

நாசிக் பக்கத்துல தேவ்லாலின்னு ஒரு ஊர். சர்வீஸ் முடிஞ்ச பிரிட்டிஷ் சோல்ஜர்கள் கப்பலுக்குக் காத்திருந்த முகாம். கப்பல் எல்லா மாசமும் வராது. வேலை இல்ல, வெயில், குடி, மலேரியா. மாசக்கணக்கா அப்படி இருந்தா புத்தி தடுமாறும். 'தப்'னா இந்துஸ்தானில காய்ச்சல். அதுனால 'டூலாலி டாப்', தேவ்லாலிக் காய்ச்சல். இப்ப இங்கிலீஷ்ல ஒருத்தரை 'டூலாலி'ன்னா லேசாக் கழண்டு போச்சுன்னு கிண்டல். உள்ள இருக்கிறது, வீட்டுக்குப் போக வழியில்லாமக் காத்திருந்த ஒருத்தனோட மனசு உடைஞ்ச கதை.

'பிளைட்டி'யும் அப்படித்தான். 'விலாயத்தி'ன்னா சீமைச் சமாச்சாரம். நாம சீமைத்துணி, சீமைச்சரக்குன்னு சொன்ன மாதிரி. பிரிட்டிஷ் சோல்ஜர் வாய்ல அது அவனோட சொந்த ஊர் இங்கிலாந்துக்கே பேராச்சு. முதல் உலகப்போர்ல பதுங்குகுழிக்குள்ள கிடந்தவன் 'ஒரு பிளைட்டி கிடைச்சா போதும்'னு ஏங்கினான். அர்த்தம், சாகாத அளவுக்கு, ஆனா வீட்டுக்கு அனுப்புற அளவுக்கு ஒரு காயம்.

ஒரு ராத்திரி, ஒரு வார்த்தை

அதே போர்ல தமிழும் தனக்குன்னு ஒரு வார்த்தையைச் சம்பாதிச்சுது. இது யார்கிட்டயும் கடன் வாங்காம, நேர்ல பார்த்து எடுத்துக்கிட்டது.

1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல, எம்டன் என்கிற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் கடற்கரைக்கு எதிர்ல வந்து நின்னுச்சு. ஊர்ல விளக்கெல்லாம் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் துறைமுகம் பக்கத்துல இருந்த பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவச்சார். அரை மணி நேரத்துக்குள்ள சுமார் 130 குண்டு. தொட்டி பத்தி எரிஞ்சுது. துறைமுகத்துல நின்ன கப்பல்லயும் ஆட்கள் செத்தாங்க. பதில் குண்டு சரியா வர்றதுக்குள்ள கப்பல் இருட்டுக்குள்ள போயிடுச்சு. ஹைகோர்ட் மதில் சுவர்ல குண்டு விழுந்த இடத்துல நினைவுக் கல்வெட்டு இருக்கு, போற வழியில பார்க்கலாம்.

உயிர்ச்சேதம் சின்னது. பீதி பெருசு. அடுத்த நாள்கள்ல ஆயிரக்கணக்கான பேர் மூட்டை முடிச்சோட ஊரைக் காலி பண்ணினாங்க. கடலை ஆண்டுக்கிட்டிருந்த பிரிட்டன் தன்னோட மதராஸைக் காப்பாத்த முடியல என்கிறது ஜனங்க மனசுல பதிஞ்சுது.

அதுக்குப் பிறகும் எம்டன் ஓயல. அது மூணு புகைக்கூண்டு உள்ள கப்பல். பிரிட்டிஷ் கப்பல் மாதிரித் தெரியணும்னு போலியா நாலாவது ஒண்ணை வச்சு, அக்டோபர் 28 விடியக்காலைல பினாங்கு துறைமுகத்துக்குள்ளயே நுழைஞ்சு தாக்குச்சு. நவம்பர் 9-ம் தேதி கோகோஸ் தீவுகள்கிட்ட ஆஸ்திரேலியாவோட சிட்னி கப்பல் அதை அடிச்சு முடக்குற வரைக்கும் ஆட்டம்தான்.

கப்பல் போச்சு, பேர் நின்னுச்சு. "அவன் பெரிய எம்டன்டா"ன்னா கில்லாடி, அழுத்தக்காரன், எப்ப என்ன பண்ணுவான்னு சொல்ல முடியாதவன். வீட்ல கறாரா இருக்கிற அப்பாவும் எம்டன்தான். மலையாளத்துல 'யெமண்டன்'னா பிரமாண்டம். சொந்தமா ஒரு குண்டு கூட வாங்காத ஊர்களுக்கும் அந்தச் சொல் போய்ச் சேர்ந்துச்சு.

இதுல ஒரு வேடிக்கை. 2006-ல கண்டிப்பான அப்பா, பயந்த மகன் கதையா 'எம்டன் மகன்'னு ஒரு படம் எடுத்தாங்க. தமிழ்ப் பேர் வச்ச படத்துக்குக் கேளிக்கை வரிவிலக்குன்னு அரசு சொன்ன நேரம். எம்டன் ஜெர்மனில இருக்கிற ஒரு துறைமுக ஊரோட பேர். தமிழ் இல்லையே! கடைசில படம் 'எம் மகன்' ஆச்சு. 92 வருஷம் தமிழன் வாய்ல இருந்தும் அந்தக் கப்பலுக்குக் குடியுரிமை கிடைக்கல. ஆனா படம் பார்த்த யாருக்கும் எம்டன்னா என்னன்னு விளக்கம் தேவைப்படல.

யார் எழுதி வச்சாங்க?

இப்ப ரெண்டு திசையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. இங்கிலீஷ்காரச் சோல்ஜர் தப்பா உச்சரிச்ச வார்த்தைக்குக் கூட ஒரு கர்னலும் ஒரு ஜட்ஜும் உட்கார்ந்து அகராதி போட்டாங்க. எந்த வருஷம், யார் எழுதின கடிதத்துல வந்துச்சுன்னு மேற்கோளோட. அதே முகாம்ல, அடுத்த கூடாரத்துல இருந்த நம்ம சிப்பாய் தன் ஆபீசரைப் பத்தி என்ன பட்டப்பேர் வச்சுப் பேசினான், கஞ்சி ஹவுஸை அவன் என்னன்னு சொன்னான்னு எழுத அப்படி ஒரு அகராதி வரல. பட்டாளம், கவாத்து மாதிரி நிலைச்ச சொற்கள் 1924-லருந்து 1936 வரைக்கும் வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன்ல இடம் பிடிச்சுது. கேலியும் கிண்டலும் சுடுசொல்லும் பேசினவங்களோடயே போயிடும். ஸ்லாங் என்கிறது அப்படித்தான், எழுதி வைக்கலன்னா ஒரு தலைமுறை.

போனது மட்டும் இல்ல, ஓடிக்கிட்டு இருக்கிறதும் உண்டு. பெங்களூர்ல இருக்கிற மதராஸ் சாப்பர்ஸ் வீரர்களை இந்திய ராணுவம் முழுக்க 'தம்பி'ன்னுதான் கூப்பிடுது. பஞ்சாபி ஆபீசரும் தம்பின்னு சொல்லுவார், நேபாளிச் சிப்பாயும் தம்பின்னு சொல்லுவார். வீட்டுச் சொல் ஒண்ணு பட்டாளத்துக்குப் போய்ப் பட்டமா ஆகியிருக்கு. மதராஸ் ரெஜிமென்டோட போர் முழக்கத்துல 'அடி, கொல்லு' என்கிறதும் நம்ம தெரு மொழிதான்.

வேலூர் மாவட்டத்துல கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர், ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, வீட்டுக்கு வீடு பட்டாளத்து ஆள். உங்க குடும்பத்துலயும் ஒரு 'மிலிட்டரிக்காரர்' இருப்பார், பெரியப்பாவோ தாத்தாவோ. அவர் பேச்சுல பாதி இந்தி, கால்வாசி இங்கிலீஷ், மீதி எந்த அகராதிலயும் இல்லாத ஒரு தமிழ். நாம அதைக் கேட்டுச் சிரிச்சுட்டுப் போயிடுறோம்.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. போனை எடுத்து அவர் பக்கத்துல வச்சு, ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க. போரைப் பத்திக் கேட்டா அளந்துதான் பேசுவார். மெஸ்ல சாப்பாட்டுக்கு என்ன பேர், ஓபி அடிக்கிறவனை என்ன சொல்லுவீங்க, பிடிக்காத ஆபீசருக்கு என்ன பட்டப்பேர்னு கேளுங்க. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ஊர், ஒரு வருஷம், ஒரு ஆள் சேர்ந்து வரும். அந்த மூணையும் வார்த்தையோட சேர்த்துக் குறிச்சுக்கோங்க. பர்னெல் பண்ணினது அவ்வளவுதான்.

உங்களுக்குக் கிடைச்ச சொற்களை எங்களுக்கு அனுப்புங்க, ஒரு தனி எபிசோடாப் போடலாம். இதுக்கு டெட்லைன் எல்லாம் கிடையாது. ஆனா தாத்தாவுக்கு வயசாகிட்டு இருக்கு. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.